ஸ்டெல்லா முடித்துவைத்த படங்கள்

காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. பெருமுக்கல்லில் செல்போன் டவர் மேல் இருந்தேன். கீழே பைக்கை அணைக்காமலேயே என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி அந்தோணி கத்தினான்: "மாமா, எறங்கி வாங்க. அக்கா போயிடுச்சு." பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காய்ச்சல் தணிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தேன். ஸ்பேனரைப் பையில் போட்டேன். பெல்ட் கொக்கியை ஒவ்வொரு படியிலும் கழற்றி மாட்டி, கம்பெனி விதிப்படி இறங்கினேன்.

ஞாயிறு மதியங்களில் எங்கள் வீட்டில் படம் பார்த்த உங்களுக்கு அவளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தமிழில் பேசும் இங்கிலீஷ் ரோபோ படமென்றால் அவளுக்கு உயிர். அதில் எப்போதும் விடாத மழை, வானத்தை மறைக்கும் விளம்பரம், ஊரையே வாங்கிவிட்ட ஒரு கம்பெனி. வாடகைக்கு எடுத்த இரண்டாவது சிடி எப்போதும் பாதியில் நின்றுவிடும். மிச்சத்தை ஸ்டெல்லா சொல்வாள். அவள் முடித்துவைத்த படங்களில் ரோபோவை யாரும் சுட்டதில்லை. ஒருமுறை அது கம்பெனியை விட்டு ஓடிவந்து, மரக்காணத்தில் உப்பு வாரும் வேலைக்குச் சேர்ந்தது.

"உப்புத் தண்ணியில நின்னா துரு புடிச்சிடாதாடி?" என்றார் உப்பள வேலைக்குப் போகும் பச்சையம்மா அக்கா.

"ஏங்க்கா, உன் காலு மட்டும் என்ன எவர்சில்வரா?"

அக்கா வெடித்த பாதத்தை நீட்டி, "தட்டிப் பாரு, சத்தம் வருதான்னு" என்றார்.

நான் வாசற்படியிலிருந்து, ரோபோவின் பேட்டரி அத்தனை நாள் தாங்காது என்று திருத்துவேன். "படிச்ச ரோபோ பேசுது, கேட்டுக்குங்க" என்பாள். இன்னொன்றும் சொல்வாள்: "மெஷின் கெட்டது இல்ல. பெல் அடிச்சா எழுந்திரிக்குது பாரு, அதுதான் பாவம்."

கல்லறைத் தோட்டத்தில், குழிக்குள் போட மண்ணை அள்ளியபோது கம்பெனி கொடுத்த போன் அடித்தது. எடுத்தேன். "சொல்லுங்க சார். ஜெனரேட்டர ரீசெட் பண்ணா வந்துடும் சார்." என் குரல் பிசிறவே இல்லை. நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். பச்சையம்மா அக்காதான் என் மூடிய விரல்களைப் பிரித்துவிட்டார். "மண்ணப் போடுப்பா. அந்தப் பொண்ணு காத்துனு இருக்குது."

அன்றிலிருந்து உங்கள் தெருவைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறேன். நேற்று அக்கா மடக்கிக் கேட்டார்: "ஞாயித்துக்கெழம வீடு தொறந்திருக்குமா, பூட்டிட்டியா?"

"டூட்டி இருக்குக்கா."

"தே, எங்களுக்கும்தான் டூட்டி இருக்குது. அவ கூப்ட்டா நாங்க வரலையா?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நகர்ந்துவிட்டேன். இரவெல்லாம் அக்கா கேட்டது உறுத்தியது.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஆள் நிறைந்த அந்த மதியங்களைத்தான். முப்பதாம் நாள் பூசை இந்த ஞாயிறுதான். முடிந்ததும் வாருங்கள், கதவு திறந்திருக்கும். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கூசும், பார்ப்பேன். அன்றைக்கு டவரில் வேறு ஆள் ஏறட்டும். கம்பெனி போனை இப்போதே அணைத்துவிட்டேன்.