டாக்டர் பிலோமினாவும் லூபோக் சீனா பண்ணையின் கதவும்

கோழி மருத்துவர் டாக்டர் பிலோமினா செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் காலமானார். அவருடைய தம்பி சேவியர் தொலைபேசியில் இதை உறுதிப்படுத்தினார். சிறுநீரகங்கள் செயலிழந்து நெடுநாளாகச் சிகிச்சையில் இருந்தவர். ஜாசின் சந்தையில் மீன் வாங்க நின்ற நான் வரிசையை விட்டு விலகி நின்று கேட்டேன்.

"அக்கா கடைசியா கேட்டது ஒண்ணுதான் சார். ராஜமாணிக்கம் போன் பண்ணாரான்னு" என்றார் சேவியர். அவர் பண்ணவில்லை.

ராஜமாணிக்கம் லூபோக் சீனா என்ற ஊருக்கு அருகே கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். கால்நடை மருத்துவ இறுதியாண்டு மாணவர்களுக்கு டாக்டர் பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்தது அந்தப் பண்ணையில்தான். சில மாதங்களுக்கு முன் ராஜமாணிக்கம் மாணவர்களுக்குக் கதவை மூடினார். அது நடந்தபோது, பத்திரிகைக்காக டாக்டரைப் பற்றி எழுதப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

அதற்கு முன் டாக்டர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். செர்காம் பக்கம் ஒரு பண்ணையில்தான் அவரை முதலில் பார்த்தேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் நீளமாக ஒரு விசில் அடித்தார். அத்தனை கோழிகளும் ஒரு கணம் அடங்கின. அந்த அமைதியில், தூரத்து மூலையிலிருந்து தும்மல் போலச் சின்னதாக ஒரு சத்தம். "கேட்டுச்சா? அங்க போய்ப் பாருங்க" என்று மாணவர்களை அனுப்பினார். தீவனம் கொட்டிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, "இந்த வயசுல யாருக்கு டாக்டர் விசிலு?" என்றாள். "உன் வீட்டுக்காரனுக்குத்தான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான்லா" என்றார். சிரிப்பு அடங்கியதும் மாணவிகளையும் ஒவ்வொருவராக விசில் அடிக்க வைத்தார்.

ஓரிடத்துக் கோழியிடமிருந்து இன்னோரிடத்துக் கோழிக்கு நோயைக் கொண்டுபோவது பெரும்பாலும் மனிதர்கள்தான் என்பது அவருடைய முதல் பாடம். அதனால் பண்ணை வாசலில் திங்கட்கிழமைதோறும், "யார் வீட்டுலயாவது கோழி வளர்க்கிறீங்களா?" என்று கேட்பார். இருந்தால் உள்ளே விடமாட்டார். ராஜமாணிக்கத்தின் பண்ணையில் கதவு மூடிய அந்தத் திங்கட்கிழமையும் கேட்டார். எல்லாரும் இல்லை என்றார்கள். குளித்து, பண்ணை உடை மாற்றி உள்ளே போனோம்.

மதிய உணவின்போது தேன்மொழி என்ற மாணவி தன் டிபன் கேரியரைத் திறந்தாள். ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பெண். "முனியாண்டி பூசைக் கறி டாக்டர், அம்மா கொடுத்துவிட்டாங்க. சேவலை நான்தான் பிடிச்சேன். உதறு உதறுன்னு உதறிடுச்சு!"

டாக்டர் கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்தார். "எப்போ பிடிச்சே?"

"நேத்துதான். ஆனா அது சாமிக்கு வாங்கினது டாக்டர். நாங்க வளர்க்கலையே."

மற்ற மாணவர்கள் விஷயத்தை உரிமையாளரிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார்கள். ஒன்றும் ஆகாது என்றார்கள். "ஆகாதுன்னா சொல்றதுக்கு என்ன பயம்?" என்று டாக்டர் எழுந்து போனார்.

ராஜமாணிக்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "சொல்லாமலே இருந்திருக்கலாம்லா டாக்டரம்மா. நானும் நிம்மதியா இருந்திருப்பேன்."

"நாளைக்கு உங்க கோழி இருமினா, அப்புறம் நான் சொல்றதை எப்படி நம்புவீங்க?"

அன்றே அவர் மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டார். கோழிகளுக்கு எதுவும் ஆகவில்லை. இரத்தப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. ஆனாலும் கதவு திறக்கவில்லை. செய்தி பரவி மற்றப் பண்ணைகளும் மறுத்துவிட்டன. பண்ணைப் பயிற்சி முடிக்காமல் அந்த மாணவர்கள் பட்டம் பெற முடியாது. டாக்டர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே பண்ணை பண்ணையாகத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார்.

நான் பார்க்கப் போனபோது தேன்மொழியைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு பொய் சொல்லலை சார். நான்தான் தப்பாக் கேட்டேன். 'கடைசியா உயிரோட ஒரு கோழியைக் கையில பிடிச்சது எப்போ'ன்னு கேட்டிருக்கணும்." குரல் மிகவும் தளர்ந்திருந்தது. இத்தனை வருடம் கேட்டது எல்லாமே தப்போ என்று முணுமுணுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

நல்லடக்கத்துக்கு ராஜமாணிக்கம் வந்தார். தேவாலயத்துக்குள் வராமல் வெளியே காருக்குப் பக்கத்தில் நின்றார். தேன்மொழி தானாகவே அவரிடம் போனாள்.

"நீதானே அந்தச் சேவல் பிடிச்ச பொண்ணு? என்ன வேண்டுதலு?"

"நான் பாஸாகணும்னு, அங்கிள்."

அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். அவள் அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

டாக்டரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல இதுதான் இருக்கிறது. கேள்வி கேட்பதே என் தொழில். பதில் தவறாக வந்தால் பதில் சொன்னவரைத்தான் இத்தனை காலம் சந்தேகித்தேன். இப்போது முதலில் என் கேள்வியைத் திருப்பிப் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்.

நேற்று ராஜமாணிக்கத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். முடிவு எதுவும் எடுக்கவில்லை என்றார். இப்போதுள்ள கோழிகள் இம்மாதக் கடைசியில் லாரி ஏறும். கொட்டகையைக் கழுவி முடித்ததும், புதுக் குஞ்சுகள் வரும் முன், மாணவர்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னார். பயிற்சியை முடிக்கப் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் கெடு அடுத்த மாதக் கடைசி வரைதான்.