டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம்

என் மகன் கனடாவில் தனியாக இருக்கிறான். தென்காசியில் நானும் தனிதான். அவன் அம்மா போன பிறகு எங்கள் போன் பேச்சு, "சாப்ட்டியா" என்பதோடு முடிந்துவிடும்.

போன நவம்பரில் ஒரு சாயங்காலம் வீடியோ காலில் வந்தான்.

"அப்பா, என் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பனி டயர் வாங்கணும். சாதா டயர் இந்தக் குளிர்ல கல்லு மாதிரி இறுகிருது. ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு பனில நல்லா பிடிக்கும், இன்னொண்ணு வேகத்துக்கு. எதப் போடட்டும்?"

குற்றாலத்துக்கு வாடகைக் கார் ஓட்டிய எனக்குச் சாரல் தெரியும், பனி தெரியாது. ஆனாலும் விடவில்லை.

"வேகம் கெடக்கட்டும்லே. பிடிக்கதப் போடு."

ஐந்தருவி ஏற்றத்தில் மழைக்கு வண்டி வழுக்கிய கதையெல்லாம் சொன்னேன். அவனும் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பேச்சுவாக்கில் போனைக் கார் பக்கம் திருப்பினான். முன்சக்கரத்தடியில், பனியில், ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. புது டயர் மாட்டினால் பழம் வைத்து ஏற்றுவது எங்கள் வழக்கம். அவன் டயரை ஏற்கெனவே மாட்டிவிட்டான். வேண்டியிருந்தது இந்தப் பேச்சுதான்.

நான் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் நானே கூப்பிட்டேன்.

"ஏலே, என் ஸ்கூட்டருக்கு எந்த டயர் போடலாம், சொல்லு."

ஸ்கூட்டருக்கு முந்தின வாரம்தான் புது டயர் போட்டிருந்தேன்.