மூன்று மணிக்கு வைத்த எஞ்சின் பயிற்சி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோடு போட்ட கொப்பியிலும் கோட்டில் நிற்காது. எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு கடலுக்கு வந்தவன் நான். எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்கு, “நடந்ததை நீங்களே எழுதித் தாங்கோ” என்று கேட்டபடியால் எழுதுகிறேன். தட்டச்சுச் செய்கிற பிள்ளை எழுத்தைத் திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

என் வீடு நிலையத்துக்குப் பக்கத்து வளவு. அதனால்தான் திறப்பு என்னிடம் இருக்கிறது. வேறு தகுதி ஒன்றும் இல்லை. காலையில் பேப்பர் வந்ததும் திறப்பேன், பொழுதுபடப் பூட்டுவேன். கூட்டம் நடந்தால் கதவோரக் கதிரையில் இருப்பேன். கலியாண வீட்டில் என் இலைக்குக் கறி வராவிட்டால்கூடக் கேட்காமல் எழும்பி வந்துவிடுவேன். “உங்கடை வாய்க்கும் ஒரு எஞ்சின் பூட்டவேணும்” என்று மனைவி சொல்வாள்.

இந்த வருடம் சித்திரையில் பிரதேச செயலகத்திலிருந்து ஒரு இளம் பெண் அலுவலர் எங்கள் ஊருக்கு வந்தார். நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். நாலு பயிற்சிகள் வைத்திருப்பதாகச் சொன்னார். முதலாவது படகு எஞ்சின் திருத்துகிற பயிற்சி. அதன் பிறகு கடலில் முதலுதவி. பிறகு நண்டும் கருவாடும் பழுதாகாமல் பொதி செய்கிற பயிற்சி. கடைசியாகப் பிள்ளைகளுக்கு நீச்சல். ஒரு நிபந்தனையும் இருந்தது. முதல் பயிற்சிக்கு இருபது பேர் வந்து கையெழுத்து வைக்கவேண்டும். ஆள் குறைந்தால் மிச்சம் மூன்றையும் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

அந்த எஞ்சின் பயிற்சி எனக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்லவேண்டும். போன மாரிக்கு முன் ஒரு நாள், நானும் மனைவியின் தம்பியும் வலை இழுத்துக்கொண்டு வரும்போது எஞ்சின் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்து மச்சானின் உள்ளங்கை உரிந்தது. நான் எஞ்சினின் மூடியைக் கழற்றினேன், உள்ளே பார்த்தேன், திரும்ப மூடினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். பத்து மணிக்கு நின்ற எஞ்சினோடு பொழுதுபடும் வரை மிதந்தோம். கரை சிறுத்துக்கொண்டே போனது. வேறு ஊர்ப் படகு ஒன்று கண்டு கட்டி இழுத்து வந்தது. பட்டணத்தில் எஞ்சின் திருத்துகிறவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. எஞ்சின் உறுமியது. எனக்குச் சந்தோசம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

பயிற்சிக்கு நாள் குறிக்கிற கூட்டத்துக்கு எங்கள் கடற்றொழிலாளர் சங்கத் தலைவருக்குப் போக முடியவில்லை. என்னை அனுப்பினார். அங்கே கரையிலிருந்து போன ஆள் நான் ஒருவன்தான்.

“சனிக்கிழமை பின்னேரம் மூண்டு மணி. எல்லாருக்கும் ஓமோ?” என்று மிஸ் கேட்டார்.

மூன்று மணி என்பது எங்கள் கரையில் படகு இறக்குகிற நேரம். அப்போது போனால்தான் வெளிச்சத்தோடு நண்டு வலை விட்டுவிட்டுத் திரும்பலாம். விடியப்புறம் போய் இழுப்போம். நண்டு கழற்றி, விற்று, வலையைக் காயப்போட்டு முடிய பத்து மணியாகும். பத்துக்கும் இரண்டுக்கும் இடையில்தான் கரையில் ஆம்பிளை ஆளைப் பிடிக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. மிஸ் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அதை அவர் ஓம் என்று எழுதிக்கொண்டார்.

 அடுத்த நாள் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். “ஹலோ” என்றார். கட் பண்ணிவிட்டேன். திரும்ப அவரே எடுத்தார். “கை தவறிப் போச்சு மிஸ்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். நேரத்தை மாற்ற எனக்கு வாய் இல்லை என்றால், இருபது பேரையாவது நான் கொண்டுவர வேண்டும். நிலையத்தின் பலகையில் சோக்கால் பெரிதாக எழுதினேன். வேதக் கோயிலில் பூசை முடிவில் பங்குச் சுவாமியாரும் வாசித்தார். ஆனால் அறிவித்தல் தொடங்கினதும் எழும்பி வெளியே போகிறவர்கள் எங்கள் ஆட்கள். கரையில் நாலைந்து பேரிடம் நேரிலும் சொன்னேன்.

“மூண்டு மணிக்கு நான் உங்கை வந்தால் என்ரை வலையை ஆர் விடுறது? உன்ரை மிஸ்ஸோ?” என்று ஒருவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் வரை வருவதாகச் சொன்னவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர் என் மச்சான், இன்னொருவன் நான்.

இனி ஒலிபெருக்கிதான் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஒலிபெருக்கி பூட்டின ஓட்டோ ஒன்றுதான். செத்தவீட்டு அறிவித்தலுக்குப் போகிற ஓட்டோ அது. ஓட்டோக்காரத் தம்பி உடனே வந்தான். “எழுதினதை என்னட்டைத் தாங்கோ, நான் வாசிக்கிறன்” என்றான். கடதாசியைப் பார்த்தான். “இது எனக்கு விளங்கேல்லை அண்ணை. நீங்களே வாசியுங்கோ” என்றான்.

அப்படித்தான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைக் கையில் பிடித்தேன். இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். தம்பி பழக்க தோசத்தில் முதலில் பாட்டைப் போட்டுவிட்டான். வேறென்ன பாட்டு, செத்தவீட்டுக்குப் போடுகிற அதே சோக இசைதான். என் காதிலும் அது விழுந்தது. ஆனால் நான் கடதாசியில் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை. இசை தணிந்ததும் வாசித்தேன். மெதுவாக, இழுத்து இழுத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். “இத்தால் ஊர் மக்கள் அனைவருக்கும் அறியத் தருவது என்னவென்றால்...”

அது சோளகக் காற்று அடிக்கிற காலம். கடலிலிருந்து தரைக்கு அடிக்கிற காற்று என் சொற்களைப் பனங்கூடல் பக்கம் கொண்டுபோய்விட்டது. கரைக்குப் போனது இசையும், யாரோ அழுகிற மாதிரி ஒரு குரலும் மட்டும்தான்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஊரில் ஒரு சாவு என்றால் அடக்கம் முடியும் வரை படகு இறக்க மாட்டோம். யார் என்று தெரியாவிட்டாலும் முதலில் படகை நிறுத்திவிட்டுத்தான் விசாரிப்போம். விசாரிக்க எல்லாரும் வருவது நிலையத்துக்குத்தான். அன்றைக்கும் அதுதான் நடந்தது. நாங்கள் ஊரைச் சுற்றிவிட்டு நிலையத்தடிக்கு வரும்போது, மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. முற்றம் நிறையச் சனம். சாரத்தை மடித்துக் கட்டினபடி கரையிலிருந்து வந்த ஆம்பிளைகள். வேலியோரம் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்த பெண்கள். உள்ளே மிஸ், பட்டணத்திலிருந்து வந்த எஞ்சின் மாஸ்டர், மரச்சட்டத்தில் பூட்டின ஒரு எஞ்சின், நிரையாகக் கதிரைகள்.

மிஸ்ஸின் முகம் மலர்ந்திருந்தது. “அண்ணை, இவ்வளவு பேரைக் கூப்பிட்டிட்டியள்!” என்றார்.

“ஆர்? ஆற்றை செத்தவீடு?” என்று ஒருவர் ஓட்டோவை மறித்தார்.

“ஒருத்தரும் இல்லை அண்ணை. எஞ்சின் வகுப்பு” என்றான் தம்பி.

“அப்ப செத்தது எஞ்சினோ?”

சிலர் சிரித்தார்கள். சிலர் ஏசத் தொடங்கினார்கள். அதற்குள் ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் சேட்டுக் கழுத்தைப் பிடித்தான். எனக்கு இளையவன், கரையில் என் படகுக்கு அடுத்த படகு அவனுடையது. அவனுடைய தாய் மூன்று மாதமாகப் படுக்கை.

“என்ரை அம்மா எண்டு நினைச்சு வீட்டை ஓடினனான், தெரியுமோ? கால் வழிய ரத்தம், பார்! சிப்பி கிழிச்சது. உனக்கு விளையாட்டோ?”

அவன் காலைப் பார்த்தேன். பெருவிரலிலிருந்து குதி வரை சிவப்பு. 

“பிழை என்ரை” என்றேன். “முழுக்க என்ரை பிழை.”

அவன் கையை எடுத்தான். காறித் துப்பிவிட்டுப் போய்விட்டான். இன்னும் ஐந்தாறு பேர் அவன் பின்னாலேயே கரைக்கு இறங்கினார்கள். மற்றவர்களும் திரும்பத் தொடங்கினார்கள். கதிரைகள் வெறுமையாக இருந்தன. இன்னும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றால் நாலு பயிற்சியும் போய்விடும். எஞ்சின் மாத்திரமில்லை, பிள்ளைகளின் நீச்சலும் போய்விடும்.

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை ஓட்டோவில் வைத்துவிட்டு வாசல் படியில் ஏறினேன்.

“ஒருக்கா நில்லுங்கோ. அண்டைக்குக் கூட்டத்திலை மிஸ் மூண்டு மணி ஓமோ எண்டு கேட்டவ. அது ஏலாத நேரம் எண்டு எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கேல்லை. மச்சானும் நானும் ஒரு பகல் முழுக்க மிதந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். பிளக்கைக் கழட்டித் துடைச்சிருந்தால் கஞ்சி குடிக்கிற நேரத்துக்கு வந்திருப்பம். அது எங்களுக்குத் தெரியாது. உங்களிலை தெரிஞ்ச ஆள் இருந்தால் போங்கோ, மறிக்கமாட்டன். தெரியாத ஆக்கள் இருங்கோ.”

போகத் திரும்பினவர்கள் நின்றார்கள். எங்கள் கரையில் பல படகுகளுக்குச் சொந்தக்காரரான மூத்த சம்மாட்டியார் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். “உவன் இவ்வளவு கதைப்பானோ?”

“நானும் இண்டைக்குத்தான் கேக்கிறன் அண்ணை.”

சம்மாட்டியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் முன் கதிரையில் இருந்தார். “தெரிஞ்ச ஆள் மாதிரி இவ்வளவு நாளும் நடிச்சுப் போட்டன். சரி மாஸ்டர், திறவுங்கோ” என்றார்.

அவருக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். மிஸ் தாளைக் கொண்டு திரிந்து கையெழுத்து வாங்கினார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். “பதினெட்டு அண்ணை. ரெண்டு குறையுது.”

வேலியோரம் நின்ற பெண்களில் இரண்டு பேர், கரையில் நண்டு வாங்கி விற்கிற அக்காவும் தங்கையும், இன்னும் போகாமல் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் போனேன்.

“நீங்கள் ரெண்டு பேரும் வாறியளோ?” என்று கேட்டேன்.

“பொம்பிளையளோ? உவை எஞ்சின் திருத்தப் போகினமோ?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

அக்கா விடவில்லை. “நீங்கள் நடுக்கடலிலை நிண்டுகொண்டு போனிலை ‘இனி என்னடி செய்யிறது’ எண்டு கேக்கேக்கை, கரையிலை நிண்டு சொல்லித்தர ஒராள் வேணுமெல்லோ. பேனையைத் தாங்கோ மிஸ்.”

இருபது.

எஞ்சின் மாஸ்டர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். ஒவ்வொருவராக வந்து கழற்றினோம், பூட்டினோம். பெற்றோல் வருகிற குழாயில் தூசி அடைத்தால் எப்படித் துப்புரவாக்குவது, உப்புத்தண்ணீரில் ஓடி வந்தபின் எப்படி நல்ல தண்ணீர் விடுவது, எல்லாம் செய்து பார்த்தோம். எல்லாரையும் விடக் கெதியாகப் பூட்டினது தங்கைதான்.

முடியும்போது மிஸ் எழும்பி, “அப்ப மற்ற மூண்டும் இஞ்சைதான். இதே மாதிரிச் சனிக்கிழமை, மூண்டு மணி...” என்று எழுதத் தொடங்கினார்.

“இல்லை மிஸ்” என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “மூண்டு மணி ஏலாது. பத்தரை எண்டு போடுங்கோ. வலை காயப்போட்டிட்டு வருவினம்.”

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணை.”

“ஓம் மிஸ். சொல்லியிருக்கவேணும்.”

அவர் மூன்றை வெட்டிவிட்டுப் பத்தரை என்று எழுதினார்.

அடுத்த நாள் பூசை முடிந்ததும் அந்த இளையவன் வீட்டுக்குப் போனேன். அவன் என்னைக் கண்டதும் பின்வளவுக்குப் போய்விட்டான். அவன் தாய் படுக்கையிலிருந்தபடி என்னைக் கூப்பிட்டா.

“என்ன மோனை, எனக்கு இப்பவே அறிவிச்சுப் போட்டியாம்?”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா.”

“உன்ரை குரல் நல்லா இருந்ததாம். உண்மையா வாற நேரமும் நீயே சொல்லு. ஆனால் கெதியா வராது, சொல்லிப்போட்டன்.”

அவ சிரித்தா. அவன் பின்வளவிலிருந்து வரவில்லை. இன்றைக்கும் என்னோடு சரியான கதை இல்லை. அதற்கு நான் அவனைக் குறை சொல்லவில்லை.

முதலுதவிப் பயிற்சிக்கு ஓட்டோ பிடிக்கவில்லை. சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். வாசல் படலைக்கு வெளியே நின்று கூப்பிடுவதற்கே முதல் நாலு வீட்டில் வியர்த்தது. ஐந்தாவது வீட்டிலிருந்து கொஞ்சம் பழகிவிட்டது. அந்த இளையவன் வீட்டுப் படலையிலும் நின்று சொன்னேன்.  பயிற்சி நாளில் அவன் பின் வரிசையில் வந்து இருந்தான், முடிய முன் எழும்பிப் போனான். கதிரை போதாமல் வாங்கில்கள் எடுத்துப் போட்டோம்.

அடுத்தது நண்டும் கருவாடும் பொதி செய்கிற பயிற்சி. புரட்டாதி முதல் சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. பெண்களுக்கு மட்டும் என்று பலகையில் யாரோ எழுதியிருந்ததை நான் அழித்துவிட்டேன், ஆம்பிளைகளும் வரலாம். நேரம் யாருக்காவது சரிவராவிட்டால் பேசாமல் இருக்கவேண்டாம். என்னிடம் சொல்லுங்கள், நான் மிஸ்ஸிடம் சொல்கிறேன்.

ஆவணி 17, ஞாயிற்றுக்கிழமை