காரை விற்றால் ஃபிரிட்ஜையும் கேட்பார்கள்

நான் கார் ஓட்டிக்கொண்டு போனால் இந்த ஊரில் ஆட்கள் வணக்கம் வைக்கிறார்கள். எனக்கில்லை, காருக்கு. பஜார் திருப்பத்தில் நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரர், மீன் மார்க்கெட் வாசலில் இளநீர் வெட்டுகிறவர் எல்லாரும் கையை உயர்த்திவிட்டு, கண்ணாடிக்குள் என் மூஞ்சியைப் பார்த்ததும் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொள்கிறார்கள். வாங்கி இரண்டு வருடமாகிறது. இன்னும் இது "தாஸ் சாப் கா காடி"தான், தாஸ் சாரின் வண்டி. அதிகாரி தாஸ் மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போயே போய்விட்டார். போர்ட் பிளேரில் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும், தெருவில் மாறாது.

தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த அந்தமான் வழக்கத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மெயின்லேண்டிலிருந்து இங்கே அதிகாரிகள் வருவார்கள், இரண்டு மூன்று வருடம் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், மாற்றல் வந்ததும் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், கார் என்று சகலத்தையும் இங்கேயே விற்றுவிட்டு விமானம் ஏறுவார்கள். அதையெல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு யார் மல்லுக்கட்டுவது? அதனால் இந்த ஊரில் பாதிப் பேர் யாரோ ஒருவருடைய சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறோம். மெயின்லேண்ட் ஆள் ஒருவர் காரை விற்கிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூட்டை கட்டுகிறார்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் வண்டி வாங்கினால் பெண்களுக்கென்று ஒரு வேலை உண்டு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது. அதை நசுக்குகிற உரிமை அண்ணனுடையது. பிறகு மடியில் தேங்காய்ப் பையோடு பின் சீட்டில் அடைந்துகொண்டு கோயிலுக்குப் போவோம். கணக்கு டீச்சர் வேலைக்காக இங்கே வந்து சேர்ந்தபோது எனக்கு சைக்கிளே அரைகுறை. முப்பத்தாறு வயதில்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

கற்றுக்கொடுத்தவர் மண்டல் பாபு என்ற வங்காளி. முதல் நாளே "ஹஸ்பெண்ட் மெயின்லேண்ட் மே?" என்றார். ஹஸ்பெண்டே கிடையாது என்றேன். அதோடு சரி, நான் வண்டியைச் சாக்கடையில் இறக்கினாலும் திட்டமாட்டார், ஐயோ பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பார். அதற்குத் திட்டே தேவலை. இந்த ஊரில் சமதரை என்பது கிடையாது, ஏற்றம் இல்லையென்றால் இறக்கம். ஷாதிபூர் மேட்டில் பாதிக் கிளட்ச்சில் நின்று, பின்னால் உருளாமல் வண்டியை எடுக்கப் பழகுவதற்குள், ஹார்ன் அடித்தவர்களின் ஏழு தலைமுறையையும் மனசுக்குள் இழுத்துவிட்டேன். ஒருநாள் மண்டல் பாபு கேட்டார், "மேடம், காடி சீக் கே ஜாயேகா கிதர்? சாரோ தரஃப் சமுந்தர்!" ஓட்டக் கற்று எங்கே போகப்போகிறாய், நாலு பக்கமும் கடல்தானே என்கிறார். நியாயமான கேள்விதான். ஆண்களிடம் அவர் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"மார்க்கெட்," என்றேன். உண்மையும் அதுதான். கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்கு நிற்காமல், "கொஞ்சம் இறக்கிவிடுறீங்களா" என்று எவரிடமும் பல்லிளிக்காமல் மார்க்கெட்டுக்குப் போய்வர வேண்டும். லைசென்ஸ் வந்து, தாஸ் சாரின் காரும் கைக்கு வந்தபிறகு, ஒரு மழைநாளில் தனியாக ஓட்டிப்போய் அரைக்கிலோ வெண்டைக்காய் வாங்கி வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக உலகத்தில் யாரும் வெண்டைக்காய் வாங்கியிருக்க மாட்டார்கள்.

செய்தி ஊருக்கு எட்டியது. "யாரக் கேட்டு வாங்குன?" என்று அண்ணன் போனில் குதித்தான்.

"பேங்க்ல கேட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. அவன் பயம் எனக்குத் தெரியும். வேலையை விட்டுவிடலாம், வாடகை வீட்டைக் காலி பண்ணலாம். கார் வாங்கியவள் திரும்பி வருவாளா?

போன மாதம் ஆளே புறப்பட்டு வந்துவிட்டான், காரைப் பார்க்கவாம். ஏர்போர்ட்டில் முன்கதவைத் திறந்துவிட்டேன். அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். பத்துபஸ்தி தாண்டி வீடு வரைக்கும் "பாத்து, பாத்து" என்று மந்திரம் ஓதிக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும் முன்னே விஷயத்தை எடுத்தான்.

"நம்ம ஊரு ஸ்கூல்ல ஒனக்குப் பேசி வச்சிருக்கேன். ஜூன்ல சேரணும். இதெல்லாத்தையும் வித்துட்டு வந்துரு."

"யோசிக்கணும்ணே."

"இதுல யோசிக்க என்ன இருக்கு, புள்ள?"

மாட்டேன் என்ற ஒரு வார்த்தை. அது வரவில்லை. இத்தனை மேட்டில் வண்டி எடுக்கத் தெரிந்தவளுக்கு அண்ணன் முன்னால் வாய் எழவில்லை. என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், அவன் தெருமுனை டீக்கடையில் காரை விற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த இந்தியே "காடி"தான். "சேல்" இங்கிலீஷ். இரண்டும் போதுமே. சாயங்காலம் கீழ்வீட்டு மாலதி படியில் மறித்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "டீச்சர், ஃப்ளைட் கப் ஹை?" அண்ணனுக்கு எப்போது ஃப்ளைட் என்று கேட்கிறாள் என நினைத்து, "ஞாயித்துக்கிழமை காலைல" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. நேற்று வந்த அண்ணன்மேல் இவளுக்கு இத்தனை பாசமா என்று அதிசயித்துக்கொண்டே மாடி ஏறினேன்.

சனிக்கிழமை காலையில் புரிந்தது. முதலில் வந்தவர் என் கட்டிலைச் சாண் போட்டு அளந்தார். அடுத்து வந்த அம்மாள் திரைச்சீலையைக் கசக்கிப் பார்த்தார். வீட்டு ஓனர் தலையை நீட்டி, எப்போது வெள்ளையடிக்க ஆள் அனுப்பலாம் என்றார். மாலதி கலங்கிய கண்ணோடேயே, "ஃபிரிஜ் மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்க டீச்சர், மைனே பஹ்லே போலா, ஆங்?" என்றாள். முதலில் கேட்டது அவள்தானாம். அண்ணன் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி எல்லாருக்கும் டீ கொடுத்து, ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்தான். பொங்கலுக்குப் பொங்கல் என் வீட்டில் சாப்பிட்டவர்கள் இவர்கள். ஒருத்தராவது போகாதே என்று சொல்லக்கூடாதா?

அப்போது ஒருவர், காரை ஒரு ரவுண்டு ஓட்டிப்பார்க்கலாமா என்றார். அண்ணன் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவரிடம் நீட்டினான்.

"அண்ணே, அது என் சாவி."

"குடுத்துருவாரு புள்ள, சும்மா..."

"குடுண்ணே." கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். "நான் வரல. கார விக்கல. எதையும் விக்கல." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "மை கஹீ நஹீ ஜா ரஹி!" என்று கத்தினேன். எங்கேயும் போகவில்லை என்று இரண்டு பாஷையிலும் சொல்லியாயிற்று.

டீயை முடித்துவிட்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கட்டில்காரர் மட்டும் வாசலில் தயங்கி நின்றார். "தோ அக்லே சால்?" அப்படியானால் அடுத்த வருடமா என்கிறார்.

ஞாயிறு காலை அண்ணன் மறுபடியும் பின் சீட்டில்தான் ஏறினான். "பாத்து" என்று சொல்லவில்லை. ஏர்போர்ட்டில் பையை இறக்கியபிறகு கேட்டான். "ஊர்ல கேட்டா என்னன்னு சொல்ல?"

"தங்கச்சி நல்லா கார் ஓட்டுறான்னு சொல்லு."

சென்னையில் இறங்கியதும் போன் செய்தான். "ரூமுக்குப் போயிட்டியா?"

நான் எத்தனை வருடம் குடியிருந்தாலும் அவனுக்கு இது ரூம்தான். வீடு என்றால் கோவில்பட்டி. அங்கே என் கட்டில்மேல் அவன் கடை அட்டைப்பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருக்கின்றன.

"வீட்டுக்கு வந்துட்டேண்ணே," என்று அழுத்திச் சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனேன். அதன் பக்கவாட்டில் ஒரு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதன்மேல் இந்தியில், குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது: மாலதி.