மறுபடியும் கையில் சவரக்கத்தி

என் வீட்டுக்காரருக்குச் சலூன்தான் உலகம். வாய் ஓயாது, கையும் ஓயாது. முடி வெட்ட எங்கே வேண்டுமானாலும் போவார்கள். சவரத்துக்கு மட்டும் தெருவே இவரிடம்தான் வரும். அந்தப் பெருமையில் தலைகால் தெரியாமல் இருந்த மனிதர், ஒருநாள் வாடிக்கையாளர் முகத்தில் நுரை தடவி, கத்தியைக் கையில் எடுத்து, அப்படியே மயங்கிச் சாய்ந்தார். நல்லவேளை, கத்தி தரையில் விழுந்தது. ஆனால் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "இதுக்குப் பேரு சார்காய்டோசிஸ். உடம்போட எதிர்ப்புச் சக்தியே வழி தவறி இதயத்துல அங்கங்க வீக்கத்தை உண்டாக்கிடுச்சு. இதயத்தைத் துடிக்க வைக்கிற மின்சாரம் போற வழி அடைபட்டுருக்கு."

தோளுக்குக் கீழே ஒரு சின்னக் கருவி பொருத்தினார்கள். துடிப்பு குறைந்தால் தூண்டிவிடும். தறிகெட்டு ஓடினால் அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும். வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை. இவர் கேட்டது ஒன்றுதான்.

"மறுபடி கத்தி பிடிக்கலாமா டாக்டர்?"

"மாத்திரை வேலை செஞ்சா பிடிக்கலாம். அதுவரைக்கும் கத்திரிக்கோல் போதும். மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது."

மாத்திரை பசியைக் கிளப்பியது, தூக்கத்தைக் கெடுத்தது, முகத்தை ஊதவைத்தது. மற்றவர்கள் காலையில் ஒரு தடவை கண்ணாடி பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். இவருக்கோ நாள் முழுக்க எதிரே ஆளுயரக் கண்ணாடி. வருகிறவர் தலைக்கு மேலே தன் உப்பிய கன்னங்களையே பார்த்து நொந்துபோனார். ஊர் முகத்தையெல்லாம் திருத்துகிறவன் முகமே இப்படியா என்று, என்னிடம் மூச்சு விடாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில வாரத்தில் இதயம் தறிகெட்டு ஓட, கருவி மார்பில் ஓர் உதை விட்டது. அலறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

எனக்கு வந்ததே கோபம். "மூஞ்சி முக்கியமா, உசுரு முக்கியமா? நான் என்ன உங்க கன்னத்தையா கட்டிக்கிட்டேன்?"

திரும்பி வந்ததும் சலூன் கண்ணாடியைப் பழைய போர்வையால் மூடினேன். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்தேன். தினமும் மாத்திரையோடு நானே கடைக்கு வந்து, அவர் விழுங்கும்வரை நகரவில்லை.

மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன். டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பு. "வீக்கம் அடங்கிடுச்சு. துடிப்பும் சீரா இருக்கு. மாத்திரையை நானே படிப்படியாக் குறைக்கிறேன். நீங்க தாராளமா கத்தி எடுங்க."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

ஆனால் கழுத்தைக் கொடுக்க ஆள் வேண்டுமே! "முடி மட்டும் போதும்ணே," என்று எல்லாரும் நழுவினார்கள். அவர் தினமும் கத்தியைத் துடைத்து, அப்படியே திரும்ப வைப்பார்.

ஒரு காலை, பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது என் அப்பா வந்தார். கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறி நிற்கிறவர். நேராக நாற்காலியில் உட்கார்ந்து தாடையை உயர்த்தினார்.

"சவரம் பண்ணுங்க மாப்பிள்ளை."

"பயமா இல்லையா மாமா?"

"பயமாத்தான் இருக்கு. பேச்சு கொடுக்காம வேலையைப் பாருங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்தி கன்னத்தில் இறங்கி, தாடையைச் சுற்றி, தொண்டைக்கு வந்தது. இவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் கத்தி பிசகவில்லை. அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்து யாரு?" என்று கேட்டேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.