மூன்றாவது ஆணி

கூடத்திலிருந்து பித்தளை பாலீஷ் வாடை வருகிறது. பட்டாளத்துக்குத் தேர்வாகியிருக்கும் என் மகன் மெடல்களைத் துடைக்கிறான்.

இதே வாடைதான் அன்றும். சண்டைக்குப் போன தாத்தா திரும்பவில்லை. அவருடைய மெடல் மட்டும்தான் எங்கள் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தது. லீவு முடிந்து கிளம்பும் நாளில், பட்டாளத்துக்காரரான அப்பா அதைப் பளபளவெனத் துடைத்து மாட்டினார். பக்கத்தில் இரண்டு ஆணிகள் அடித்தார்.

“ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு இவ பெத்துத் தரப்போற பேரனுக்கு” என்று என்னைக் காட்டிச் சிரித்தார்.

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா கத்தினாள். “இன்னாய்யா வேல இது? ஆணிக்கு மெடலு வரும். ஆளு வருமா?”

அந்த மழைக்காலத்திலேயே அப்பா எல்லையில் செத்துப்போனார். அவருடைய மெடலை அம்மா இரண்டாவது ஆணியில் மாட்டினாள். மூன்றாவதைக் குறட்டால் பிடுங்கியெறிந்து, ஓட்டையில் சோப்பைத் திணித்துச் சுண்ணாம்பு அடித்தாள். ஆனால் எங்கள் உப்புக்காற்றில் எந்தப் பூச்சும் நிற்காது. பொங்கலுக்குப் பொங்கல் அடைத்தாள். அவளுக்குப் பிறகு நான் அடைக்கிறேன்.

கூடத்திலிருந்து மகன் கூப்பிடுகிறான்.

“யம்மா, இங்க ஒரு ஓட்ட கீது. ஆணி அடிச்சிடட்டா?”