கிரிம்ஷா மகளின் கையெழுத்து

சேனாபதிக்கு வீடு காட்டிய பாவி நான்தான். தொண்ணூற்று நாலில் நியூ ஜெர்ஸியில் ரியல் எஸ்டேட் லைசென்ஸ் வாங்கினேன். "கலாவதி பெரம்பூர்க்காரி, வாயாலேயே பொழைச்சுப்பா" என்று என் வீட்டுக்காரரே சர்டிபிகேட் கொடுத்தார். ஈசான மூலையில் பாத்ரூம் இருக்கிறது என்று ஒரே மாதத்தில் பதினெட்டு வீட்டை வேண்டாம் என்ற மகானுபாவருக்குக்கூட விற்றிருக்கிறேன். ஆனால் செத்து இருநூற்றைம்பது வருஷமான ஒரு வெள்ளைக்காரனின் மகள் கையெழுத்துப் போடவில்லை என்று பேனாவை மூடி வைத்த மனுஷன் இந்த பூலோகத்தில் இவர் ஒருவர்தான்.

கோபிசெட்டிபாளையத்துக்காரர். நாற்பது வயது. பார்சிப்பனியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா. எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட மாட்டார். டோஸ்டர் உடைந்து குப்பைக்குப் போய் ஆறு வருஷம் ஆகியும் அதன் ரசீது ஃபைலில் பத்திரமாக இருந்தது. கோபப்படவே தெரியாது. அதனாலேயே அவரோடு பேசுகிறவர்களுக்கு இரட்டிப்பாகக் கோபம் வரும்.

அவர் மனைவி புஷ்பவல்லி தங்கமான பெண். பொள்ளாச்சி. ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. ஒன்பது வருஷமாக அபார்ட்மென்ட்டில் குடித்தனம். மிளகாய் தாளித்தால் ஸ்மோக் அலாரம் கத்தும். அது அடங்குவதற்குள் கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள். வெஸ்ட் வின்ட்சரில் புதிதாக எழும்பிய காலனியில் ஒரு வீட்டை நான் காட்டியபோது, புஷ்பவல்லி சமையலறை நடுவில் நின்று அழுதாள். "அக்கா, கிரைண்டர் இங்க வெப்பனுங்க. இந்த ஊடு எனக்கு வேணுங்கக்கா" என்றாள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அப்போதே மனதுக்குள் பால் காய்ச்சிவிட்டேன்.

வந்தது வினை, ஒரு வழவழ காகிதத்தில். காலனிக்குப் பெயர் கிரிம்ஷா ஃபார்ம். கட்டியவன் அழகுக்காக பிரௌஷரில் ஒரு வரி போட்டிருந்தான்: இந்த மண் ஒரு காலத்தில் ஒபடையா கிரிம்ஷா என்ற பிளான்டரின் ஆயிரத்து நூறு ஏக்கர் பண்ணையின் பகுதி. நூறு பேர் வாங்கினார்கள். தொண்ணூற்றொன்பது பேர் அதைப் படிக்கவில்லை.

"கலாக்கா, யாருங்க இந்த கிரிம்ஷா?" என்று போன் வந்தது.

"யாரோ பழைய வெள்ளைக்கார பண்ணையார் சார். அந்தக் காலத்து ஆளு."

"அவரு வாரிசுங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்களாங்க?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். மறுமுனையில் சிரிப்பே இல்லை.

விஷயம் இதுதான். இவர் அப்பா கோபியில் மூன்று ஏக்கரா மஞ்சள் காடு வாங்கியிருக்கிறார். விற்றவரின் தங்கை கையெழுத்துப் போடவில்லை. கட்டிக்கொடுத்த பெண்தானே, அவள் எங்கே வரப் போகிறாள் என்று விட்டுவிட்டார்கள். அவள் வந்தாள், வக்கீலோடு. பத்தொன்பது வருஷம் கேஸ். "கோர்ட் வராந்தாவுலதானுங்க நான் பத்தாங்கிளாஸ் கணக்கெல்லாம் போட்டேன். கடைசீல காடும் போச்சு, அப்பாவும் போயிட்டாருங்க" என்றார். கேட்க எனக்கே பாவமாக இருந்தது. அதற்காக நியூ ஜெர்ஸியில் மூலப்பத்திரம் கேட்டால் எங்கே போவது?

"சார், இங்க டைட்டில் இன்சூரன்ஸ்னு ஒண்ணு இருக்கு. யாராவது க்ளெய்ம் பண்ணா அவங்க பணம் குடுத்துருவாங்க."

"பணம் குடுப்பாங்க. ஊடு குடுப்பாங்களாங்க?"

பேச்சை மாற்றிப் போனை வைத்தேன்.

சனிக்கிழமை தோறும் கவுன்ட்டியின், அதாவது ஜில்லாவின், பழைய ஆவணங்கள் இருக்கிற நூலகத்துக்குப் போக ஆரம்பித்தார். ஆபீஸிலிருந்து கொண்டு வந்த பச்சைக் கோடு போட்ட கம்ப்யூட்டர் தாளில் கிரிம்ஷாவின் வம்சத்தை வரைந்தார். ஹாலில் விரித்தால் சோபாவில் தொடங்கி பாத்ரூம் வாசல் வரை போகும். நாலு மகன்கள். ஜான் விற்றான், நத்தானியல் பிள்ளையில்லாமல் செத்தான், ஏமோஸ் குடித்தே அழித்தான், கடைசிப் பையன் அப்பன் பெயரையே வைத்துக்கொண்டு ஏமோஸ் பங்கையும் அமுக்கிவிட்டான். "நம்ம பங்காளிக மாதிரியே இருக்காங்கக்கா" என்று அவருக்கு ஒரே ஆனந்தம். எனக்கும் லேசாகப் பிடித்துப் போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏமோஸைப் போல ஒரு சித்தப்பா எனக்கும் உண்டு.

பிறகு 1742-ல் எழுதிய உயிலின் நகல் கிடைத்தது. எனக்குப் படித்துக் காட்டினார். மகன்களுக்கு நிலம். மகள் மெர்சிக்கு ஒரு சிவப்புப் பசு, ஒரு இறகு மெத்தை, ஒரு இரும்புச் சட்டி. அதே பட்டியலில், பசுவுக்கு அடுத்த வரியில், டைனா என்று ஒரு அடிமைப் பெண், அவளும் அவள் குழந்தையும் ஜானுக்கு. சேனாபதி அங்கே நிறுத்திவிட்டார். டைனாவுக்கும் அந்த வம்ச மரத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தார். அதற்குக் கீழே கோடு இல்லை. "தேடிப் பாத்தனுங்க. அவங்களுக்கு ஒரு காயிதமும் இல்லீங்க" என்றார்.

அப்புறம் அவர் விரலை மெர்சியின் கட்டத்துக்கு நகர்த்தி, "மெர்சி எங்கீமே கையெழுத்துப் போடலீங்க" என்றார்.

கிரயத்துக்குப் பேசியிருந்த வக்கீல் அமெரிக்கர், பொறுமைசாலி. அப்பன் தன் நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், மகளுக்கு உரிமை ஒன்றுமில்லை என்று எங்கள் இருவருக்கும் போனில் விளக்கினார். சேனாபதி அமைதியாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்: கிரிம்ஷாவுக்கு அது பூர்வீகச் சொத்தா, சுயமாகச் சம்பாதித்ததா? ஏனென்றால் கிரிம்ஷாவின் அப்பனும் பிளான்டர்தான் என்று இவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். பூர்வீகச் சொத்தை ஒருத்தன் எப்படி உயில் எழுதுவான்? லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன்.

மே மாதம் முடிய வேண்டிய கிரயம் ஜூனுக்குப் போயிற்று. கட்டியவன் கடைசிக் கெடு கொடுத்தான்: ஜூன் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை. அன்று முடிக்காவிட்டால் வரிசையில் நிற்கும் ஒரு பல் டாக்டருக்கு வீடு போய்விடும். புஷ்பவல்லிக்கு ராத்தூக்கம் போயிற்று. எனக்கு முடி கொட்டியது.

இன்டர்நெட்டில் வம்சாவளி தேடுகிறவர்கள் குழு ஒன்று இருந்ததாம். அதில் எழுதி, நாற்பத்தொரு கடிதம் போட்டு, மெர்சியின் வழியில் உயிரோடிருக்கும் ஒரே ஆளைப் பிடித்துவிட்டார். டோரதி பிளம் என்கிற கிழவி, வயது எண்பத்து மூன்று, பார்சிப்பனிக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில். ஊரில் எழுதுகிற மாதிரியே, பங்கு வேண்டாம் என்கிற ஒரு விடுதலைப் பத்திரத்தை இங்கிலீஷில் தட்டினார். புதன்கிழமை போய்க் கையெழுத்து வாங்குவது, வெள்ளிக்கிழமை கிரயம். அவர் கணக்கில் எல்லாம் சரி.

புதன்கிழமை அவரை ஏற்றிக்கொள்ளப் போனேன். வாசலில் எவர்சில்வர் தாம்பாளத்தோடு நின்றார். அரக்கு நிறப் பட்டுப் புடவை, ரவிக்கைத் துணி, மஞ்சள், குங்குமம், தேங்காய், சீப்பு வாழைப்பழம், எடிசன் ஊர் இந்தியக் கடையிலிருந்து வாங்கி வந்த வெற்றிலை.

"இது எதுக்கு சார்?"

"கட்டிக் குடுத்த புள்ளைகிட்டக் கையெழுத்து வாங்கறப்ப பொறந்த ஊட்டுக்காரங்க வெறுங்கையோட போகக் கூடாதுங்க. கிரிம்ஷா ஊட்டுப் பக்கம் இப்ப யாரும் இல்லீங்களே. நெலத்த வாங்கறவன் நாந்தான் செய்யோணும்."

காரில் பின்சீட்டில் புஷ்பவல்லி தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டாள். வழி நெடுக அந்தப் புடவையின் கரையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

மிஸஸ் பிளம் சின்ன உருவம், நல்ல கூர்மையான கண். தாம்பாளத்தைப் பார்த்து அசந்துபோனாள். அவள் இங்கிலீஷில் பேசியதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"என் பர்த்டே நவம்பர்லதானே?"

சேனாபதி மரத்தை விரித்து, மெர்சியிலிருந்து அவள் வரை விரலை ஓட்டிக் காட்டினார். கிழவி பூதக்கண்ணாடி வைத்துப் பத்திரத்தை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"மொத்தம் எத்தனை ஏக்கர்?"

"ஆயிரத்து நூறு."

"மெர்சிக்கு என்ன கெடைச்சுது?"

பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். "ஒரு பசு. ஒரு மெத்தை. ஒரு சட்டி."

கிழவி இருமி இருமிச் சிரித்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கிழவி பத்திரத்தை அழகாக மடித்து சேனாபதி கையில் கொடுத்தாள்.

"நான் போட மாட்டேன்."

"மேடம்?"

"காலைல வரைக்கும் எனக்குச் சொந்தம்னு ஒரு கட்டில், ஒரு டிவி. இப்ப ஒரு ஆளு வந்து எனக்கு நெலம் இருக்குங்கறார். வந்த அன்னிக்கே எழுதிக் குடுன்னா எப்படி? கொஞ்ச நாள் வெச்சுக்கறேனே!" அப்புறம் புஷ்பவல்லியைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா, நீயா இருந்தா போடுவியா?"

புஷ்பவல்லி மடியிலிருந்த தாம்பாளத்தைப் பார்த்தாள். "நான் போட்டுட்டேன்" என்றாள் இங்கிலீஷில்.

"என்ன போட்டே?"

"கல்யாணமான அடுத்த மாசம், எங்க அண்ணன் ரெண்டு பேரும் வந்தாங்க. இதே மாதிரி தட்டு. இதே கலர் புடவை. பதினாலு ஏக்கர் தென்னந்தோப்பு, அதுல எனக்குப் பங்கு வேண்டாம்னு எழுதியிருந்துச்சாம்."

"படிச்சுப் பார்க்கலையா?"

"இல்ல. கையெழுத்துப் போடற எடத்துல ஒருத்தர் விரல் வெச்சுக் காட்டினாரு, போட்டேன்." புஷ்பவல்லி புருஷன் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்: "சாட்சி யாருங்க போட்டது?"

சேனாபதி தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டியது கையிலிருந்து நழுவி மறுபடி விரிந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. "நாந்தான் போட்டேன். வில்லங்கம் இருக்கக் கூடாதுன்னுதான் புஷ்பா..." என்றார்.

எனக்கு அந்த நேரம் அவரை நாலு அறை விடலாம் போல இருந்தது. ஊரான் வீட்டு மெர்சிக்காக மூன்று மாதம் நூலகத்தில் தூசி தின்றவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள் கண்ணில் படவில்லை.

புடவையைக் கிழவியே வைத்துக்கொண்டாள். கையெழுத்துக்குத் தான் மாட்டேன் என்றாள், புடவைக்கு இல்லையாம்.

திரும்பும் வழியில் 287-ஆம் ஹைவேயில் டிராஃபிக். சேனாபதி மெதுவாகச் சொன்னார்: "அந்தம்மா போடலைன்னா வாங்க முடியாதுங்க. வில்லங்கமுங்க."

"நான் வாங்கறனுங்க" என்றது பின்சீட்டு. "பத்திரம் எம் பேர்ல மட்டும். கடன் ரெண்டு பேரு சம்பளத்துல. அந்தம்மா பங்கு கேட்டு வந்தாங்கன்னா கீழ ரூமக் குடுத்து, மூணு வேளையும் சோறு போடறேன். உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிருங்க, பல் டாக்டரு வாங்கட்டும். நான் உங்ககூட அந்த அபார்ட்மென்ட்டுக்கு இனி வரமாட்டேன்."

சேனாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார். "சரீங்க" என்றார். மனைவியைப் பார்த்து 'ங்க' போட்டு அன்றுதான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்தோம். முக்கால் மணியில் முடிகிற வேலை. வக்கீல் கட்டுக் காகிதத்தைத் தள்ளி, மஞ்சள் ஒட்டு ஒட்டிய இடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

புஷ்பவல்லி அந்த விரலைப் பார்த்தாள். "விரல எடுங்க" என்றாள், மரியாதையாக. முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடித்த காகிதம்தான் என்றார் வக்கீல். தலையாட்டிவிட்டுப் படித்தாள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. கட்டியவனின் ஆள் வெளியே போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்தான், மறுபடி போனான். வக்கீல் எல்லாருக்கும் பீட்சா வரவழைத்தார். முப்பத்தெட்டாம் பக்கத்தில் நிறுத்தினாள். 'சேனாபதியின் மனைவி' என்று ஒரு வரி இருந்தது, பெயரே இல்லாமல். "இது யாரு?" என்றாள். நீங்கதான் என்றார் வக்கீல். "அப்ப என் பேரைப் போடுங்க." மொத்தக் கட்டும் மறுபடி பிரின்ட்டரில் ஓடியது. மறுபடி முதலிலிருந்து படித்தாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. என் சர்வீஸில் அது ஒரு ரெக்கார்டு.

மூன்றே காலுக்குக் கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, முழுப் பெயர், ஒவ்வொரு பக்கமும்.

போட்டு முடித்துப் பேனாவைப் புருஷன் பக்கம் நீட்டினாள். "சாட்சிக் கையெழுத்து. நீங்க போடுங்க."

சேனாபதி கட்டைத் தன் பக்கம் இழுத்து, வழக்கம் போல முதல் பக்கத்தைப் புரட்டினார்.

"படிக்க வேண்டாங்க" என்றாள் புஷ்பவல்லி. "அன்னிக்கு நான் படிச்சனா? போடுங்க."

போட்டார்.